பாக்கெட்டின் பின்பக்கம்

ஜூன் 8, ஞாயிறு. திருவானைக்காவல்

நான் அப்பவே சொன்னேன். கலைமதிக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடியில், அதாவது என் மடியில் உட்கார்ந்திருந்தவள் கையில் யாரோ ஒரு ரஸ்க்கைக் கொடுத்தார்கள். குழந்தை அதைப் பார்த்ததும் வீசி எறிந்தது. அது போய் ஆசாரி தலையில் விழுந்தது. "இந்தப் புள்ளைக்கும் கோதுமைக்கும் ஆகாது" என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன். என் அக்கா உயிரோடு இருந்தால் சாட்சி சொல்லியிருப்பாள்.

நேற்று டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, நான் அன்றைக்குச் சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார். சீலியாக் என்று பெயராம். கோதுமை, பார்லி இரண்டிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது. நமக்கெல்லாம் அது வருகிற வழியும் தெரியாது, போகிற வழியும் தெரியாது. கலைமதிக்கு மட்டும் அது குடலைச் சீவிவிடுகிறது. என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இப்போது அவளுக்கு நாலு முடிந்து ஐந்தாவது மாதம். ரத்தம் ஏறவில்லை, எடை ஏறவில்லை, உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் மாதத்துக்கேற்ற வளர்ச்சி இல்லை.

"துளிகூட உள்ள போகக் கூடாது. ஆகஸ்ட் ஸ்கேன்ல குழந்தை வளர்ந்திருக்கணும். இல்லன்னா அட்மிட் பண்ணிடுவோம்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் கலைமதி, "பரோட்டா போச்சு மாமா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கை வயிற்றின் மேல் இருந்தது.

அக்கா போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்றால் எங்கள் வீடுதான். பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். டயர்க் கம்பெனி கொடுத்த இந்த டைரியில் இனி எல்லாவற்றையும் எழுதிவைக்கப் போகிறேன். எனக்குப் பின்னால் படிக்கிறவர்களுக்கு உபயோகப்படும்.

ஜூன் 11, புதன்

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் கலைமதியின் புகுந்த வீட்டுக்குப் போய் சமையலறையை ஆய்வு செய்தேன். அவள் கணவன் வளவன் மொபைல் கடைக்குப் போயிருந்தான். மாமியார் மகாலட்சுமி வாசற்படியில் நின்று, வரி போட வந்தவனைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

பாக்கெட்டுகளைப் புரட்டியதும் ரகசியம் பிடிபட்டது. எல்லாவற்றிலும் ஒரு சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. சிலவற்றில் பழுப்பு. பச்சை என்றால் போகலாம், பழுப்பு என்றால் நிறுத்து. சிக்னல் தெரிந்தவனுக்கு இது பெரிய வித்தையா? பச்சைப் புள்ளி போட்டதையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கி, "இதெல்லாம் தாராளமா சாப்பிடு" என்றேன்.

கலைமதி ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். ரவை.

"பச்சைப் புள்ளின்னா சைவம்னு அர்த்தம் மாமா."

அவளைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னேன். தேறிவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று வளவனைக் கூட்டிக்கொண்டு பெரிய கடைக்குப் போய், கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் படித்தேன். கடைப் பையன்கள் என்னை அதிகாரி என்று நினைத்து ஏசி பக்கமாக ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள்.

எட்டாம் கிளாஸ்தான் நான். ஆனால் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது லாரி. காஷ்மீர் வரை ஓட்டியவன். எதிரே வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டை வளைவிலேயே படித்து எந்த மாநிலம் என்று சொல்லிவிடுவேன். கோதுமைக்கான இங்கிலீஷ் சொல்லை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. அதன் உருவம் தெரியும். முன்னால் அகலமாக ஒரு டபிள்யூ, லாரி முகப்பு மாதிரி. கடைசியில் ஒரு டி, கையை விரித்துக்கொண்டு ரிவர்ஸ் காட்டுகிற கிளீனர் மாதிரி. எந்தப் பொடி எழுத்தில் ஒளித்தாலும் எனக்குத் தப்பாது.

கண்டுபிடித்தவை: உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு வறுவலில் இல்லை, மசாலா வறுவலில் இருக்கிறது. ஒரு மிக்சரில் இல்லை, பக்கத்தில் இருந்த மிக்சரில் இருக்கிறது. சோயா சாஸில் இருக்கிறது. தண்ணியாக இருப்பதில் கோதுமை எங்கே ஏறிக்கொண்டதோ. கர்ப்பிணிகளுக்கான சத்துமாவு ஒன்று, முன்பக்கம் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், பின்பக்கம் கோதுமை, பார்லி இரண்டும் இருக்கிறது. முன்பக்கம் கம்பெனிக்காரன் தானாகப் பேசுகிறான். பின்பக்கத்தில் அவனைப் பேச வைக்கிறார்கள். ஆகவே பின்பக்கம் மட்டும் படிக்க வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மனசுக்குப் பிடித்தது ஒரு ஜவ்வரிசிப் பாக்கெட். ரெட்டைச் சடைப் பெண் படம். பின்பக்கம் ஒரே வார்த்தை, மரவள்ளிக்கிழங்கு மாவு. வேறு ஒன்றும் கலக்கவில்லை. கொண்டுபோய் மகாலட்சுமியின் அலமாரியில் முன்வரிசையில் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

இட்லி, தோசை, இடியாப்பம், அரிசிச் சோறு. நாம் பிறந்த ஊர் நல்ல ஊர். பஞ்சாபில் பிறந்திருந்தால் பிள்ளை பட்டினி.

ஜூன் 22, ஞாயிறு

மாம்பழச்சாலை ஜெகபர் அலி பாய் கடையில் கறி. கலைமதிக்கு இரும்புச்சத்து வேண்டும், ஈரல் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நான் சொன்னேன். பாய் கண்ணாடிப் பெட்டியில் சிவப்பாக மசாலா தடவி வைத்திருந்த கோழியைக் காட்டினார்.

"இதை எடுத்துட்டுப் போங்கண்ணே, எண்ணெயில போட்டா வேலை முடிஞ்சது."

"இதுல கோதுமை இருக்கா?"

"கோழியில ஏதுண்ணே கோதுமை? அது தின்னதைக் கேக்குறீங்களா?"

"அதை விடுங்க பாய். மசாலால என்ன போட்டிருக்கீங்க?"

"மொளகாத்தூளு, இஞ்சி, பூண்டு, சோளமாவு."

"அவ்வளவுதானா?"

"கொஞ்சூண்டு மைதா. மொறுமொறுப்பு வேணாமா பின்ன?"

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாய் சிரித்துவிட்டார். யாருக்கு, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கத்தியையும் கட்டையையும் சுடுதண்ணீரில் கழுவி, புதிதாக ஒரு கோழியை வெட்டி, ஈரலைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார். "உசுரோட இருக்கறதுக்கு லேபிள் கெடையாதுண்ணே. இதைக் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்" என்றார்.

குளிர்பெட்டியில் சாசேஜ் என்று ஒன்று வைத்திருந்தார். அதையும் படித்தேன். இறைச்சி, தண்ணீர், மூன்றாவதாக நம்ம ஆள் லாரி முகப்போடு நிற்கிறான். கறியிலும் புகுந்துவிட்டான்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் கலைமதி போன் செய்தாள். குரல் சரியில்லை. "ரெண்டு நாளா வாந்தி மாமா. அத்தை கேழ்வரகுக் கஞ்சியில கோதுமை மாவைக் கலந்து கொடுத்திருக்காங்க. இப்பத்தான் பார்த்தேன். கேட்டா, உன் நல்லதுக்குத்தானேங்கறாங்க. எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

மகாலட்சுமி ஒளிக்கவில்லை. நேராகவே சொன்னாள். "அண்ணே, நானும் மூணு பெத்தவதான். சுகர் வந்தா சப்பாத்தி, ஒடம்பு எளைச்சா கோதுமைக் கஞ்சி, ஆஸ்பத்திரில படுத்தா ரொட்டி. ஊரே அதைத் தின்னுதான் எந்திரிச்சு ஒக்காருது. இவளுக்கு மட்டும் அது வெசமா? ஒரு கரண்டி போட்டேன். புள்ளை குச்சியா இருக்காளே, கண்ணால பாக்க முடியல."

கெட்ட மனசு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கெட்ட மனசு என்றால் அதட்டலாம். நல்ல மனசை என்ன செய்வது? டாக்டர் சீட்டைக் காட்டினேன், அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

அப்போதுதான் ராஜ்கோட் விஷயத்தைச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முன்னால் குஜராத்துக்குக் கடலை லோடு ஏற்றப் போவேன். அங்கே ஒரு சேட்டு. அவர் வீட்டு மருமகள் சின்னப் பெண், ரெட்டைச் சடை, இதே நோய். அந்த ஊரில் மூன்று வேளையும் ரொட்டி. பெண் கரைந்துகொண்டே போனாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது உண்டானபோது வைத்தியர் ரொட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. மருமகள்மேல் இருந்த பிரியத்தில் சோற்றுக்குள் ரொட்டியைப் பொடித்து நெய்யில் பிசைந்து ஊட்டினாள். ஒருநாள் பெண் நடுக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். நான் லோடு ஏற்றிக்கொண்டு நிற்கிறேன். என் லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். திரும்பி வந்ததும் அந்த மாமியார் வீட்டிலிருந்த கோதுமை மூட்டைகளை அத்தனையும் இழுத்துவந்து, "இதை எங்க கண்ணுக்குத் தெரியாத ஊர்ல போயி எறக்கு" என்று என் லாரியில் ஏற்றிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு?" என்றாள் மகாலட்சுமி.

"பொழைச்சிக்கிச்சு. இரட்டைப் புள்ளை."

மகாலட்சுமி எழுந்து போய் கோதுமை மாவு டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து வள்ளிக்கண்ணுவிடம் சொன்னேன். "ராஜ்கோட்டுக்கு எப்ப போனீங்க?" என்றாள் என் மனைவி. "உன்னைக் கட்டுறதுக்கு முன்னாடி" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

மகாலட்சுமி வேறு ஆளாகிவிட்டாள். புது வாணலி, புதுக் கரண்டி, கலைமதிக்குத் தனித் தட்டு. வளவனுக்கு சப்பாத்தி வேண்டுமென்றால் ஓட்டலில் சாப்பிட்டு, கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். "எங்கம்மா என்னைச் செருப்பு மாதிரி வாசல்லயே விட்டுடுவாங்க போல" என்கிறான்.

மாவு மில் விஷயத்தையும் அவளே கண்டுபிடித்தாள். அரிசி மாவுதான், ஆனால் நமக்கு முன்னால் ஒருத்தர் அதே கல்லில் கோதுமை அரைத்திருந்தால்? இப்போது மில் திறக்கும்போதே போய் நிற்கிறாள். அரிசியை முதல் நாளே கழுவி, காயவைத்து, அன்றைய முதல் மாவாக அரைத்துக்கொண்டு வருகிறாள். மில்காரர் முணுமுணுத்தாராம். அவருக்கு ராஜ்கோட் கதையைச் சொன்னாளாம். அவள் சொன்னதில் மாமியார் லாரிக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓடினாளாம். நான் அந்தத் தகவலைச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் ஓடியிருக்கக்கூடும்.

ஜூலை 13, ஞாயிறு

மகாலட்சுமி வீட்டில் காப்பி. சமையலறை மேடையில் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமை தாயார் சன்னதிக்குப் போறேண்ணே. கலைமதி பேருக்கு அர்ச்சனை. கூட அந்த ராஜ்கோட் பொண்ணு பேரையும் சொல்லலாம்னு இருக்கேன். பேரு என்ன சொன்னீங்க?"

"நர்மதா" என்றேன். உடனே வந்தது. எவ்வளவு காலமானாலும் எனக்குப் பெயர்கள் மறப்பதில்லை.

"நட்சத்திரம்?"

"வடக்க அதெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க."

ஜூலை 20, ஞாயிறு

கலைமதிக்கு வாந்தி நின்றுவிட்டது. ஆனால் வயிறு ஊதிக்கொள்கிறதாம், சாப்பிட்டது கல் மாதிரி நிற்கிறதாம். வாயு. இதற்கு டாக்டரிடம் போக வேண்டியதில்லை. மோரில் பெருங்காயத்தைக் கரைத்து, உப்புப் போட்டு, இரு வேளையும் குடிக்கச் சொன்னேன். வீட்டில் இருந்த டப்பா சின்னது. நானே ஒரு பெரிய மஞ்சள் டப்பாவாக வாங்கிக் கொடுத்தேன்.

"நல்ல யோசனைண்ணே" என்றாள் மகாலட்சுமி. அவள் வாயால் முதல் தடவை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரி இரு கரையும் தொட்டுப் போகிறது. எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து போனோம். கலைமதி படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரில் கால் வைத்துக்கொண்டாள். மகாலட்சுமி மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள்.

கட்டுச்சாதம் அத்தனையும் மகாலட்சுமி கையால். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர். எல்லாம் அரிசி. அப்பளம்கூட பாக்கெட் படித்து வாங்கியது. "இன்னிக்குத்தான் மாமா பயமில்லாம சாப்பிடுறேன்" என்று கலைமதி இரண்டு தடவை புளியோதரை வாங்கிக்கொண்டாள். பார்க்கவே நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்கேன். பிள்ளை வளர்ந்திருக்கிறது, ஆனால் போதாது. ரத்தமும் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. நேற்று முழுக்க கலைமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாளாம்.

"எங்கயோ இருந்து இன்னும் உள்ள போயிட்டிருக்கு. கண்டுபிடிங்க. மூணு வாரம் தரேன். அப்புறம் அட்மிஷன்தான்" என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் மகாலட்சுமியைப் பார்த்தோம். பார்த்தோம், அவ்வளவுதான். வளவன்கூட. அவள் ஆட்டோவில் வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தாயார் மேல ஆணையா நான் எதுவும் கலக்கலைண்ணே" என்றாள்.

நம்புகிறேன் என்று சொன்னேன். நம்பினேனா? வாய் சொன்னது.

வள்ளிக்கண்ணு, "பாவங்க அந்தம்மா. நீங்க அப்படிப் பாத்திருக்கக் கூடாது" என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மகாலட்சுமியின் போன். "அண்ணே, கண்ணாடியை எடுத்துக்கிட்டு வாங்க."

போனால் கூடம் முழுக்க டப்பாக்கள். சமையலறையைத் தரையில் கொட்டியது போல் பரப்பி வைத்திருக்கிறாள். உப்பு, மஞ்சள்தூள், மிளகு, தீப்பெட்டிகூட. முந்தாநாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வளவனுடைய போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள். பத்தாவது வரை படித்தவள், ஆனால் தன் கண்ணை நம்பாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"இதைப் படிங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினாள். மஞ்சள் டப்பா. நான் வாங்கிக் கொடுத்தது.

பெருங்காயம்.

பின்பக்கம் படித்தேன். கூட்டுப் பெருங்காயமாம். கோந்து. அடுத்து அகலமாக ஒரு டபிள்யூ. கடைசியில் கையை விரித்துக்கொண்டு டி. மைதா மாவு. அதற்கப்புறம்தான் பெருங்காயம்.

மோரில் இரு வேளை. சாம்பாரில், ரசத்தில். புளியோதரையில். வயிறு ஊதியது என்று நான் கொடுத்த மருந்தில்.

எனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம் இருந்தது என்று இங்கே எழுதினேன். அடித்துவிட்டேன். இல்லை. ஒரு சந்தேகமும் இல்லை. எத்தனை கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தேன். இதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகாலட்சுமி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்ட அவளுக்குப் பாத்தியதை இருந்தது.

"மருந்துன்னுதானேண்ணே நெனைச்சோம். நானும் நல்ல யோசனைன்னேன். எங்கம்மாவும் இதைத்தான் கரைச்சுக் குடுப்பாங்க. பெருங்காயத்தை யாரு திருப்பிப் பாப்பா?" என்றாள். பிறகு டப்பாவை மூடி என் கையில் வைத்தாள். "ராஜ்கோட் மாமியா மாதிரி நானும் இதை லாரியில ஏத்தி விட்டுடறேன். ஓட்டிட்டுப் போங்க."

உள்ளே படுத்திருந்த கலைமதி சிரிப்பது கேட்டது. "புள்ளை உதைக்குது மாமா. உங்களைத்தான்னு நெனைக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகாலட்சுமி காப்பி கொடுத்தாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

சுக்கு, சீரகம், பூண்டு. பெருங்காயம் இரண்டு வீட்டிலும் இல்லை. சாம்பார் வேறு ஏதோ வீட்டு சாம்பார் மாதிரி இருக்கிறது. பழகிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வயிறு ஊதவில்லையாம். காலையில் எட்டு இட்லி. நான் எண்ணவில்லை, மகாலட்சுமி எண்ணினாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வளைகாப்புக்குத் தாய்மாமன் சீர்த்தட்டு. முறுக்கு இல்லாத சீரை நான் எடுத்துப் போவதா? மணப்பாறைக்குப் போனேன். நல்லதம்பி எனக்கு நெடுநாள் பழக்கம். அவர் முறுக்கு இரண்டு தடவை எண்ணெயில் இறங்கி எழுந்தது. கடித்தால் சத்தம் வையம்பட்டியில் கேட்கும்.

"எல்லாம் அரிசி மாவுதாண்ணே" என்றார்.

"பெருங்காயம்?"

"அது போடாமயா?"

"அது போடாம வேணும்."

நல்லதம்பி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "முறுக்கு வாசம் அதுலதாங்க இருக்கு. அது இல்லாம சுட்டா, கடைக்குள்ளாற நின்னாக்கூட இது முறுக்குக் கடைன்னு தெரியாது."

விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை ராஜ்கோட் வேண்டியிருக்கவில்லை. என் மடியில் காது குத்தின பிள்ளை என்று மட்டும் சொன்னேன். மருந்தென்று நானே கொடுத்ததையும் சொன்னேன். அவர் யோசித்து, "ஓமம் போடறேன். மாவை நீங்க அரைச்சுக் கொண்டாந்துடுங்க. காலையில மொத ஈடு, புது எண்ணெய், கழுவின சட்டி. ஆனா ஒண்ணு, யாரு சுட்டதுன்னு கேட்டா எம் பேரைச் சொல்லிடாதீங்க" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். டைரியில் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஸ்கேன். பிள்ளை எட்டிப் பிடித்துவிட்டது. அட்மிஷன் வேண்டாம். டாக்டரம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"யார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கை மகாலட்சுமியைக் காட்டிவிட்டது. கைக்கு என்ன வந்ததோ.

செப்டம்பர் 4, வியாழன். வளைகாப்பு

நான் போட்டுக்கொடுத்த பந்தல். திருச்சி மாவட்டத்தில் இப்படி ஒரு பந்தலை யாரும் போட்டதில்லை. பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருப்பவன், எனக்குத் தெரியாதா?

சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க வாசலுக்கு வந்தோம். மகாலட்சுமி குறுக்கே நின்றாள். ஆரத்தி எடுக்க என்று நினைத்தேன். செக்போஸ்ட்.

"இது?"

"அதிரசம். பச்சரிசி, வெல்லம். மாவு நம்ம மாவு."

"பொரிச்சது?"

"புது எண்ணெய்."

"இது?"

"முறுக்கு. ஓமம் போட்டது."

"எங்க சுட்டது?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒடித்தாள். கடித்தாள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "உள்ள போங்க" என்றாள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

கலைமதி முகத்தில் சதை பிடித்திருக்கிறது. கை நிறைய வளையல். அத்தனை பெண்களுக்கு நடுவில் கலவைச்சாதம் ஐந்து வகையையும் சாப்பிட்டாள், முறுக்கும் சாப்பிட்டாள், ஜெகபர் அலி பாய் கொடுத்தனுப்பிய கோழியை நாளைக்கு என்று எடுத்துவைக்கச் சொன்னாள். பந்தியில் ஒருத்தி, "சாம்பார்ல ஏதோ கொறையுதே" என்றாள். மகாலட்சுமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து ராஜ்கோட் கதையை ஆரம்பித்தாள். இப்போது அந்தப் பெண் ஆற்றில் விழப் பார்க்கிறாள், நான் குதித்துக் காப்பாற்றுகிறேன். நல்ல இடம். நான் குறுக்கிடவில்லை.

சாயங்காலம் கலைமதியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பின்னாலேயே ஆட்டோவில் வாணலி, கரண்டி, மாவு, மகாலட்சுமி.

நவம்பர் 16, ஞாயிறு

பெண் குழந்தை. இருவரும் நலம். எடை, டாக்டரம்மாவே "நல்ல வெயிட்" என்று சொன்ன எடை. பெண்தான் என்று நான் அப்பவே சொன்னேன். ஆண் என்றும் சொல்லியிருந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மார்கழி பிறப்பதற்குள் பெயர் வைத்துவிடலாம் என்று எங்கள் வீட்டிலேயே தொட்டில் கட்டினோம். சாமான் எல்லாம் மகாலட்சுமி தன் வீட்டு அலமாரியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மற்றவர்கள் டப்பாவை அவள் நம்புவதில்லை.

பெயர் என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை. வளவனுக்கும் கலைமதிக்கும் மட்டும் தெரியும். மகாலட்சுமி பேத்தியை மடியில் போட்டு, காதில் வாய் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மூன்று தடவை சொன்னாள்.

"நர்மதா. நர்மதா. நர்மதா."

பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு கதையைக் கேக்கலைன்னா நான் இன்னிக்கும் கரண்டி கரண்டியா போட்டிருப்பேண்ணே. அது எங்க இருந்தாலும் புள்ளை குட்டியோட நல்லா இருக்கணும். இதுவும் அது மாதிரி பொழைச்சுக் கெடக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். வாயைத் திறந்தேன். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. மூடிக்கொண்டேன். வள்ளிக்கண்ணு என்னைப் பார்த்தாள், பிறகு சர்க்கரையை எல்லோருக்கும் கொடுக்கப் போனாள்.

பாயசம் கலைமதி வைத்தாள். நான் சமையலறைப் பக்கம் போனபோது அடுப்பு முன்னால் ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பின்பக்கம் படிக்கிற பழக்கம். அன்று முன்பக்கத்தையும் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பாக்கெட்டை மடித்து, மடித்து, முந்தானையில் செருகிக்கொண்டாள்.

"முந்திரி இன்னும் கொஞ்சம் போடவா மாமா?"

"போடு" என்றேன்.

எனக்குப் பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்கு: ராஜ்கோட்டுக்கு நான் போனதில்லை. லாரி ஓசூர் வரை ஓட்டினேன், அங்கிருந்து திரும்பிவிடுவேன். சேட்டு இல்லை, அந்த மாமியார் இல்லை, அப்படி ஒரு பெண்ணும் இல்லை. ரெட்டைச் சடை, மகாலட்சுமியின் அலமாரியில் முன்வரிசையில் இருந்த பாக்கெட்டில் இருந்தது. அவள் பெயர் கேட்டபோது அதன் முன்பக்கம்தான் எனக்கு எதிரே இருந்தது. நர்மதா ஜவ்வரிசி.

மற்றதெல்லாம் நடந்தது.